பட்டாவில் இருக்கும் ஏர்

இந்தத் தடவை விஷயம் கொஞ்சம் கம்ப்யூட்டர் பக்கம் போகும். பயந்துவிட வேண்டாம். பட்டா, பத்திரம், காணி, குழி எல்லாம் கூடவே வரும். நமக்குப் பழகிய சாமான்கள்தான்.

உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். பரப்பு என்ற கட்டத்தின் கீழே "ஹெக்டேர் - ஏர்" என்று போட்டிருக்கும். நான் தாலுகா ஆபீசில் உதவியாளராக இருந்த நாளில், "ஐயா, ஒரு ஏர் மாடு உழுகிற நிலம்தானே ஒரு ஏர்?" என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். தமிழில் ஏர் என்றால் கலப்பை. ஆனால் பட்டாவில் இருக்கும் ஏர் தமிழ் ஏர் அல்ல. அது பிரெஞ்சுச் சொல். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், ஆக நூறு சதுர மீட்டர். 1795-ல் பிரெஞ்சுக் குடியரசு மீட்டர், லிட்டர், கிராம் ஆகியவற்றைச் சட்டமாக்கியபோது இந்த ஏரையும் சேர்த்தே சட்டமாக்கியது. நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு ஏர் என்பது நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட்.

என் அப்பா புதுச்சேரியில் ஒரு மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதனால் எனக்குப் பிரெஞ்சு வழிப் படிப்பு. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடாக ஒப்பித்த அந்த ஏர், பல வருடம் கழித்து உத்திரமேரூர் வட்டத்துப் பட்டாவில் வந்து உட்கார்ந்திருந்தது. 1979-ல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தை, அதாவது நாம் யு.டி.ஆர். என்று சொல்வதை, நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஏக்கர், சென்ட் என்று வாயில் பேசிக்கொண்டே காகிதத்தில் ஹெக்டேர், ஏர் என்று எழுதப் பழகியது அந்தக் காலத்தில்தான்.

இப்போது பட்டாவில் எழுதும் முறையைக் கவனியுங்கள். 1 - 05.00 என்று இருந்தால் ஒரு ஹெக்டேர், ஐந்து ஏர். நடுவில் இருக்கும் கோடு கழித்தல் குறி அல்ல, தேதிக் கோடும் அல்ல, புள்ளியும் அல்ல. ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவே போடுகிற மாதிரி ஒரு பிரிப்பு. இதைப் புள்ளி வைத்து எழுத வேண்டுமென்றால் 1.05 என்று எழுத வேண்டும். 1.5 என்று எழுதினால் அது ஒரு ஹெக்டேர் ஐம்பது ஏர். வித்தியாசம் நாற்பத்தைந்து ஏர். நம் பாஷையில் சொன்னால் ஒரு ஏக்கர் பதினொரு சென்ட்.

அந்த ஒரு ஏக்கர் பதினொரு சென்ட் எங்கள் குடும்பத்தில் என்ன செய்தது என்று சொல்கிறேன்.

அப்பா வைத்துவிட்டுப் போன நிலம் நான்கு பங்கு. அண்ணன் பிள்ளைகள், நான், தம்பி பிள்ளைகள், தங்கை. பல வருடமாக யார் எதை உழுகிறார்களோ அது அவர்களுக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. பாகப்பிரிவினையை முறையாக எழுதிப் பதிவு செய்துவிடலாம் என்று எல்லோருமாகத்தான் முடிவு செய்தோம். காகிதங்களை எல்லாம் சேர்த்துக் கொடுத்து, வெளியில் ஓரிடத்தில் பட்டியலாக டைப் அடித்து வாங்கி வந்தான் தம்பி மகன். கட்டம் கட்டமாக அழகாகத்தான் இருந்தது. அண்ணன் பிள்ளைகள் உழுகிற 12/3 என்ற புல எண்ணுக்கு நேராகப் பரப்பு 1.5 ஹெக்டேர் என்று இருந்தது. கூட்டிப் பார்த்த தம்பி வீட்டார், "பெரியப்பா வீட்டுக்கு மட்டும் எப்படி ஒரு ஏக்கருக்கு மேல் கூடுதல்?" என்று கேட்டார்கள். "நாங்கள் வரப்பு நகர்த்தவில்லையே" என்று அவர்கள் சொன்னார்கள். பேச்சு தடித்தது. தங்கை வீட்டுக் காதுகுத்துக்கு ஒரு தரப்பு வரவே இல்லை.

பட்டியலில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. புல எண் 12/3 இருக்க வேண்டிய கட்டத்தில் "12-மார்ச்" என்று இருந்தது. நிலத்துக்கு ஏது மார்ச் மாதம்?

லீவுக்கு வந்திருந்த என் பேத்திதான் அதைப் பார்த்துச் சிரித்தாள். இன்ஜினியரிங் படிக்கிறாள். "தாத்தா, இது அவங்க டைப் அடிச்சதுகூட இல்ல. எக்செல் தானா மாத்திடுச்சு. நடுவுல சாய்கோடு பார்த்தா அதுக்குத் தேதின்னு தோணும்" என்றாள்.

"யாரைக் கேட்டு மாற்றியது?" என்றேன்.

"யாரையும் கேட்கல. அதான் பிரச்சனை."

அன்று சாயங்காலமே திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பைதான் என்று ஒரு கணினி மொழி. 1991-ல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் வெளியிட்டது. அதில் கான்ஃபிக்பார்சர் என்று ஒரு லைப்ரரி. லைப்ரரி என்றால் யாரோ எழுதி வைத்த, நாம் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய நிரல் தொகுப்பு. இதன் வேலை, ஒரு அமைவுக் கோப்பைப் படித்துப் பிரித்துக் கொடுப்பது. அமைவுக் கோப்பு என்றால் பெரிய விஷயமில்லை. நம் ஆபீஸ் பதிவேடு மாதிரிதான். தலைப்பு ஒன்று, அதன் கீழே பெயர், சமக்குறி, மதிப்பு. நாங்கள் எழுதியது இப்படி இருந்தது:

[அளவுகள்]
குழி =

[புலம் 12/3]
பரப்பு = 1-05.00
வகை = ஹெக்டேர்-ஏர்
கூட்டுப் பட்டா = இல்லை

[புலம் 47/2]
பரப்பு = 40
வகை = குழி
கூட்டுப் பட்டா = ஆம்

இந்த லைப்ரரியின் ஒரு குணம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அது எதையும் தானாக ஊகிப்பதில்லை. சமக்குறிக்கு வலப்பக்கம் என்ன இருந்தாலும் அதை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். 40 என்று எழுதினாலும் அதற்கு அது நாலும் சைபரும்தான், நாற்பது அல்ல. "இதை முழு எண்ணாகக் கொடு", "தசம எண்ணாகக் கொடு", "ஆம், இல்லை என்று கொடு" என்று நாம் கேட்டால்தான் மாற்றிக் கொடுக்கும். இந்த மூன்று வகையும் அதற்குப் பிறவியிலேயே தெரியும். ஆம், இல்லை என்பதைக்கூட இங்கிலீஷ் யெஸ், நோ, ஆன், ஆஃப் என்றுதான் அறியும். எங்கள் தமிழ் "ஆம்" அதற்குப் புரியவில்லை. பேத்தி ஒரு வரி எழுதி அதையும் கற்றுக்கொடுத்தாள்.

ஹெக்டேர்-ஏர் என்ற வகை அதற்குத் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. ஆனால் தெரியாததைக் கற்றுக்கொள்ள ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். பைதானின் 3.5 பதிப்பு, அதாவது 2015-லிருந்து, நமக்கு வேண்டிய வகையை நாமே வகுத்து அந்த லைப்ரரியிடம் ஒப்படைக்கலாம். பெயர் ஒன்று வைத்து, எழுத்தை எப்படி மதிப்பாக மாற்றுவது என்ற விதியைச் சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகு தன் சொந்த வகைகளைப் போலவே நம் வகையையும் நடத்தும்.

விதியை நான் சொன்னேன், பேத்தி எழுதினாள். "கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பதை நூறால் பெருக்கு. வலப்பக்கம் இருப்பதைக் கூட்டு. வருவது ஏர்." எழுதிவிட்டு, "அவ்வளவுதானா தாத்தா?" என்றாள்.

அவ்வளவு இல்லை. நாற்பது வருடம் பதிவேடு பார்த்தவனுக்குத் தெரியும், வேலை அதற்குப் பிறகுதான். "கோடே இல்லை என்றால் நிறுத்து. கோடு இரண்டு இருந்தால் நிறுத்து. வலப்பக்கம் நூறோ அதற்கு மேலோ இருந்தால் நிறுத்து. எந்தப் புலத்தில் நின்றாய் என்று சொல்" என்றேன். வலப்பக்கம் ஏன் நூறு வரக்கூடாது? நூறு ஏர் ஆனால் அது இடப்பக்கம் ஒரு ஹெக்டேராகப் போய்விட வேண்டும். நூறு பைசா ரூபாயாக ஆவது போல.

ஏக்கர்-சென்டுக்கும் அதே மாதிரி ஒரு வகை செய்தோம். பழைய பத்திரங்களுக்கு அது வேண்டும்.

ஒரு விளையாட்டாக, தமிழ் எண்களை எழுதிப் பார்க்கச் சொன்னேன். ௧௨ என்று போட்டால் பைதான் தயங்காமல் பன்னிரண்டு என்று படித்தது. எனக்கே ஆச்சரியம். ஆனால் நம் முன்னோர் பன்னிரண்டை ௰௨, அதாவது பத்தும் இரண்டும், என்று எழுதுவார்களே, அதைப் போட்டதும் "இது எண் அல்ல" என்று நின்றுவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காக அதன் மேல் மரியாதைதான் வந்தது.

பட்டாக்களையும் பத்திரங்களையும் பார்த்துப் புதிதாக எழுதியது பாதி, நேரமாகிவிட்டதால் பழைய பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டது பாதி. ஓட்டினோம். மூன்று இடத்தில் நின்றது.

முதலாவது, ஒரே புல எண் இரண்டு முறை. இந்த லைப்ரரி ஒரே தலைப்பு ஒரு கோப்பில் மறுபடி வந்தால் ஏற்றுக்கொள்ளாது. பழைய பட்டியலில் ஒரே நிலம் தங்கை பெயரில் ஒரு வரி, பொதுவில் ஒரு வரி என்று இருமுறை ஏறியிருந்தது. கட்டம் கட்டிய காகிதம் அதைக் கேட்கவே இல்லை, கூட்டிவிட்டுப் போய்விட்டது.

இரண்டாவது, 0-140.00. ஏர் நூறைத் தாண்டியிருக்கிறதே என்று நின்றது. பட்டாவைப் பார்த்தால் 0-14.00. ஒரு சைபர் கூடுதல்.

மூன்றாவது, அந்த நாற்பது குழி. "குழி என்றால் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை" என்று நின்றது. அது பழைய பத்திரம். நிலம் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. அதில் எங்கள் பங்கு எவ்வளவு என்று பத்திரம் ஒன்றுதான் சொல்ல முடியும், அது "நாற்பது குழி" என்று மட்டும் சொல்கிறது. பேத்தி கைபேசியில் தேடிப் பார்த்து, "ஒரு குழி 144 சதுர அடின்னு போட்டிருக்கு தாத்தா" என்றாள். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கணக்கு அது. அப்படிப் பார்த்தால் நாற்பது குழி பதிமூன்று சென்ட்தான்.

என் சித்தப்பா மனைவி, எங்கள் சித்தி, 86 வயது. திண்ணை மூலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அப்படியே கேட்டார்: "ஏண்டா, நூறு குழி ஒரு காணின்னு கூடவா மறந்துபோச்சு? உங்க தாத்தா இருபத்து நாலு அடிக் கோல் வச்சிருந்தாரே, மாட்டுக் கொட்டாய்ல கிடந்துச்சே."

அவ்வளவுதான். இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு, 576 சதுர அடி. நூறு குழி 57,600 சதுர அடி, ஒரு காணி, அதாவது ஒரு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட். தொண்டை மண்டலத்துக் கணக்கு. நாற்பது குழி என்றால் கிட்டத்தட்ட ஐம்பத்து மூன்று சென்ட். நான்கு மடங்கு வித்தியாசம்! பேத்தி ஒன்றும் பேசாமல் "குழி =" என்ற வரிக்கு எதிரே "24 அடி" என்று எழுதினாள். கைபேசியில் கிடைத்த பதிலும் பொய்யல்ல. வேறு ஊர்க் குழி, அவ்வளவுதான்.

12/3 மட்டும் எங்கும் நிற்கவில்லை. நூற்று ஐந்து ஏர் என்று அமைதியாகச் சொன்னது. பட்டா பார்த்துப் போட்டதுதானே. ஆனாலும் இரண்டு தரப்புக்கும் மனம் ஆற வேண்டுமே. அப்பாவின் பழைய நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. கடைசிக் காலத்தில் நிலக் கணக்கு எழுதி வைத்தது. அதில் 12/3-க்கு நேராக "1,05" என்று இருந்தது. தம்பி மகன் பார்த்துவிட்டு, "நூற்றைந்தா பெரியப்பா? கமா தப்பான இடத்துல இருக்கே" என்றான். அது தப்பான இடம் அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் தசமப் புள்ளி வைக்கும் இடத்தில் கமாதான் வைப்பார்கள். நாம் லட்சத்துக்கும் ஆயிரத்துக்கும் கமா போடுகிறோம், அவர்கள் அங்கே இடைவெளி விடுவார்கள். அப்பா மில் கணக்கு எழுதிய பழக்கத்தில் கடைசி வரை அப்படியே எழுதினார். 1,05 என்றால் ஒன்றே ஐந்து ஏர். ஒன்றரை அல்ல. அந்த நோட்டை அவனிடமே கொடுத்து அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னேன். போனான். அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தான்.

இது ஏதோ நம் கிராமத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1999-ல் அமெரிக்காவின் நாசா செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிய விண்கலம் ஒன்று அங்கே போய்ச் சேர்ந்த அன்றே தொலைந்தது. ஒரு குழு பவுண்டுக் கணக்கில் எண்ணைக் கொடுத்திருக்கிறது, இன்னொரு குழு நியூட்டன் கணக்கு என்று அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. எண் சரி, வகை தெரியவில்லை. நம் 12-மார்ச் கதையும் உலகக் கதைதான். மனித மரபணுக்கள் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்1 என்ற மாதிரிப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றையும் தேதியாக மாற்றி, ஆராய்ச்சிப் பட்டியல்களைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-ல் பெயர் வைக்கும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது! அமைவுக் கோப்பிலேயே இன்னொரு முறை உண்டு, யாமல் என்று பெயர். அதன் பழைய விதிப்படி நார்வே நாட்டின் இரண்டெழுத்துக் குறியான என்.ஓ.வைப் போட்டால் "நோ", அதாவது இல்லை என்று எடுத்துக்கொள்ளும். ஒரு நாடே இல்லை என்று ஆகிவிடுகிறது. 2009-ல் வந்த பதிப்பில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். பழைய விதியில் படிக்கும் நிரல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன என்கிறாள் பேத்தி.

நம் பக்கத்தில் இதை எப்போதோ யோசித்திருக்கிறார்கள். திருப்புலிவனத்திலிருந்து உத்திரமேரூர் கூப்பிடு தூரம். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருப்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு அது ஒரு அமைவுக் கோப்பு மாதிரியே தெரிகிறது. அந்தணர் சபைக்கான விதிகள்தான், ஊரார் எல்லோருக்குமான தேர்தல் அல்ல. ஆனால் எழுதிய முறையைப் பாருங்கள். வயது இத்தனைக்கு மேல் இத்தனைக்குள், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், வீடு சொந்த மனையில். 919-ல் வயது 30-லிருந்து 60 என்று வைத்தவர்கள், இரண்டே வருடத்தில், 921-ல், அதை 35-லிருந்து 70 என்று திருத்தி மறுபடி கல்லில் வெட்டினார்கள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கவே முடியாது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. சோழர் காலத்து நிலக் கல்வெட்டுகள் பலவற்றில் இத்தனை குழி என்பதோடு விடுவதில்லை. பதினாறு சாண் கோலால், பன்னிரு சாண் கோலால் என்று அளந்த கோலையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள். எண்ணுக்குப் பக்கத்திலேயே அதன் வகை. ஆயிரம் வருடம் கழித்துப் படிப்பவன் தன் ஊர்க் கோலை வைத்து ஊகித்துவிடக் கூடாது என்ற முன்யோசனை. எங்கள் பத்திரம் எழுதியவருக்கு அந்த யோசனை இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று "நாற்பது குழி"யோடு நிறுத்திவிட்டார். அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்றைக்கு எங்கள் வீட்டில் சித்தி ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் நம் வயதுக்காரர்கள் சொல்ல ஒன்றுமில்லை என்று ஒரு எண்ணம் பிள்ளைகளுக்கு இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. அந்த லைப்ரரியோ வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் ஊர் வகையை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்கிறது. அதைச் சொல்ல நாம் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய பத்திரம் இருந்தால், ஒரு வெள்ளைத் தாளில் இதை எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். பத்திரத்தின் மேலேயே எழுத வேண்டாம். நம் ஊரில் ஒரு குழிக்கு எத்தனை அடிக் கோல். காணிக்கு எத்தனை குழி. பட்டாவில் உள்ள பரப்பு ஏக்கரில் எவ்வளவு வரும். பழைய புல எண் இப்போது எந்தப் புல எண். எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை. யார் சொல்லி எழுதினீர்கள் என்பதையும், தேதியையும் போடுங்கள். பட்டாவை யாராவது டைப் அடித்துக் கொடுத்தால், கோடு கோடாகவே இருக்கிறதா, புள்ளியாகிவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஹெக்டேர்-ஏர், ஏக்கர்-சென்ட் இரண்டும் எழுதி, 47/2-க்கு மட்டும் "24 அடிக் கோலால் நாற்பது குழி" என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பத்திரம் எழுதுபவர் எதற்கு ஐயா இதெல்லாம் என்றார். இருக்கட்டும் என்றேன்.